இரும்புக்கு நடுவே ரப்பர்



மோட்டார் வண்டியின் பெருமையைப் பேசுகிறவர்கள் இன்ஜினைப் பற்றிப் பேசுவார்கள். வேகத்தைப் பற்றிப் பேசுவார்கள். வண்டியின் நிறத்தையும் வடிவத்தையும் புகழ்வார்கள். அதே வண்டியின் அடிப்பாகத்தில், சேறும் தூசியும் படிந்து, இரண்டு உலோகங்களுக்கு நடுவே நசுங்கிக்கொண்டிருக்கும் ஒரு சிறு ரப்பர் உருளையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது கிழிந்துபோன பிறகே அதன் நினைவு வருகிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது அந்த ரப்பரைப் பற்றித்தான். தொழிற்கூடங்களில் அதைப் ‘புஷ்’ என்பார்கள்.

அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவனுக்கு மோட்டார் ரிப்பேரில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வெளி மாநிலங்களில் வாழும் நாம் அரிசிக் கடையில் பேசும் அளவுக்கு அவ்விடத்து மொழியைக் கற்றுக்கொண்டுவிடுகிறோம். வைத்தியரிடம் நோயைச் சொல்லவும், தொழிற்கூடத்தில் வண்டியின் கோளாற்றைச் சொல்லவும் நேரும்போதுதான் நாக்கு தடுமாறுகிறது. ‘ஏதோ சத்தம் வருகிறது’ என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவிட்டு வருகிறவர், மாலையில் நீளமான ஒரு பட்டியலுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதே சத்தத்தோடு வீடு திரும்புவது உண்டு. எந்த உறுப்பு, எதற்காக, எப்படி வேலை செய்கிறது என்பது தாய்மொழியில் தெளிவாகத் தெரிந்திருந்தால், எந்த மொழியிலும் நாலு சொற்களில் அதைக் கேட்டுப் பெற்றுவிடலாம். அந்தத் தெளிவுக்காகவே இந்தப் பேச்சு.

முதலில் மாட்டு வண்டியிலிருந்து தொடங்குவோம். மாட்டு வண்டியில் அச்சு சுழல்வதில்லை. அது வண்டியோடு நிலையாக இருக்கிறது. இரு சக்கரங்களும் அதன் முனைகளில் தனித்தனியே சுழல்கின்றன. இழுப்பவை மாடுகள், சக்கரங்கள் உருள மட்டுமே செய்கின்றன. ஆகவே வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் அதிகமாகவும், உட்புறச் சக்கரம் குறைவாகவும் சுழல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. கடையாணி இருந்தால் போதும். வண்டி மை இட்டால் போதும்.

மோட்டார் வண்டியில் நிலைமை வேறு. அங்கே சக்கரங்களை இன்ஜின் சுழற்ற வேண்டும். இரண்டு சக்கரங்களையும் ஒரே அச்சில் இறுக்கி அதைச் சுழற்றினால், நேர்ச்சாலையில் தொல்லை இல்லை, வளைவில் தொல்லைதான். கணக்கு எளியது. இரு சக்கரங்களுக்கும் இடையே 1.42 மீட்டர் அகலம் உள்ள ஒரு வண்டி முழு வட்டம் ஒன்று சுற்றினால், வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறக்குறைய 9 மீட்டர் அதிகமாக ஓட வேண்டும். வட்டம் சிறியதானாலும் பெரியதானாலும் இந்த வித்தியாசம் மாறாது என்பது வடிவ கணிதத்தின் ஒரு வேடிக்கை. இரண்டும் ஒன்றாகவே சுழன்றால், அந்த 9 மீட்டரையும் ஏதோ ஒரு டயர் தரையில் தேய்ந்தே கழிக்க வேண்டும்.

இதற்கு வழி கண்டவர்களுள் ஒருவர் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஒனேசிபோர் பெக்கூர். நீராவியால் ஓடும் சாலை வண்டிக்காக 1828-இல் அவர் காப்புரிமை பெற்ற பற்சக்கர அமைப்பையே இன்று டிபரன்ஷியல் என்கிறோம். இன்ஜினிலிருந்து வரும் திருப்பு விசையை அது இரு பின்சக்கரங்களுக்கும் பங்கிட்டுத் தருகிறது. ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும் என்று வற்புறுத்துவதில்லை. ஒன்று தாமதித்தால் மற்றொன்று அந்த அளவுக்கு முந்திக்கொள்ளும்.

இனி, இந்த டிபரன்ஷியல் வண்டியில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாஸடர் காரை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. அந்தக் காரில் டிபரன்ஷியல், கனத்த பின் அச்சுக் கூட்டின் நடுவிலேயே அடைக்கப்பட்டிருந்தது. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் அச்சு முழுவதும், அதனுள் இருக்கும் டிபரன்ஷியலும் சேர்ந்தே இறங்கி ஏறும். லாரிகளில் இன்றும் இதே அமைப்புத்தான். உறுதிக்கு அது நல்லது. ஆனால் அத்தனை எடையும் ஒவ்வொரு குழிக்கும் குதிப்பதால், வேகமாக வளைவில் செல்லும்போது சக்கரங்கள் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். ஆகவே விளையாட்டு வகைக் கார்களைச் செய்தவர்கள் டிபரன்ஷியலை அச்சிலிருந்து பிரித்து, வண்டியின் உடலோடு கட்டிவைத்தார்கள். சக்கரங்கள் மட்டும் தனித்தனியே ஏறி இறங்குகின்றன. டிபரன்ஷியல் பெட்டி வண்டியின் உடலிலேயே தொங்குகிறது.

இங்கேதான் ரப்பருக்கு வேலை வருகிறது. இரும்புப் பெட்டியை இரும்புச் சட்டத்தில் நேராக இறுக்கினால், உள்ளே பற்சக்கரங்கள் உரசும் ஒவ்வோர் ஒலியும் வண்டி முழுவதும் பரவும். அதனால் பெட்டியின் கைகளில் துளையிட்டு, அத்துளைகளில் ரப்பர்ப் புஷ்களைப் பொருத்தி, அவற்றின் நடுவே திருகாணியைச் செலுத்தி இறுக்குகிறார்கள். வெளியே ஓர் உலோக வளையம், உள்ளே ஓர் உலோகக் குழல், இரண்டுக்கும் இடையே ரப்பர்; ரப்பர் இரண்டு உலோகங்களோடும் ஒட்டி வார்க்கப்பட்டிருக்கும். புஷ் என்பது இவ்வளவுதான்.

எடுத்துக்காட்டாக ஒரு வண்டியைச் சொல்கிறேன். ஜப்பானில் ஹிரோஷிமாவைத் தலைமையிடமாகக் கொண்ட மாஸ்டா நிறுவனம், எம்.எக்ஸ்-5 என்னும் இருவர் அமரும் திறந்த காரை 1989-இல் சிகாகோ கண்காட்சியில் உலகுக்குக் காட்டியது. அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர். பெரிய இன்ஜினோ ஆடம்பரமோ அதில் இல்லை, எடை ஒரு டன்னுக்குள், இன்ஜின் 1.6 லிட்டர். வண்டியும் ஓட்டுபவரும், குதிரையும் வீரனும் போல ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் குறிக்கோள். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. நம் நாட்டில் அதைக் காண்பது அரிது. ஆனால் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 1989-க்கும் 1997-க்கும் இடையே பிறந்த முதல் தலைமுறை வண்டிகள் பல இன்னும் ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் பெரும்பாலோர் செல்வர்கள் அல்லர். தம் கையாலேயே வண்டியைப் பழுதுபார்த்துக்கொள்ளும் சாதாரண மனிதர்கள். அந்தப் பழைய வண்டிகளின் அடியில் வயது முற்றிய ரப்பர் இருக்கிறது.

எம்.எக்ஸ்-5 காரில் டிபரன்ஷியல் பெட்டியின் பின்பகுதியிலிருந்து இடமும் வலமும் இரண்டு கைகள் நீண்டிருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு பெரிய புஷ். அவற்றின் வழியே பெட்டி, வண்டியின் பின்புறத் துணைச் சட்டத்தில் கட்டப்படுகிறது. பெட்டியின் மூக்குப் பக்கம் வேறு ஓர் ஏற்பாடு. கியர்பாக்ஸிலிருந்து டிபரன்ஷியல் வரை நீண்ட ஓர் அலுமினியச் சட்டம் இரண்டையும் இணைக்கிறது. அதற்குப் பவர் பிளான்ட் பிரேம் என்று பெயர். இன்ஜின், கியர்பாக்ஸ், டிபரன்ஷியல் மூன்றும் இதனால் ஒரே நீண்ட முதுகெலும்பு போல ஆகிவிடுகின்றன.

இந்தப் புஷ்கள் எவ்வளவு விசையைத் தாங்குகின்றன என்று சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1.6 லிட்டர் இன்ஜினின் உச்சத் திருப்பு விசை ஏறக்குறைய 136 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் அது 3.136 மடங்காகிறது, டிபரன்ஷியலில் மறுபடியும் 4.3 மடங்காகிறது. உராய்வால் இழப்பதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், பின்சக்கரங்களை அடையும்போது அது சுமார் 1,830 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் நுனியில் மூன்று ஆட்களைத் தொங்கவிட்டால் அடுத்த முனையில் எத்தகைய முறுக்கு உண்டாகுமோ, ஏறத்தாழ அந்த அளவு. சக்கரங்கள் முன்னோக்கிச் சுழலும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, அதே அளவு முறுக்கு டிபரன்ஷியல் பெட்டியை எதிர்த் திசையில் திருப்பப் பார்க்கிறது. பெட்டியின் மூக்கு மேலே எழும்புகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் விசை மாறி, மூக்கு கீழே சாய்கிறது. கிளட்சைத் திடீரென்று விட்டால் இந்த விசை அதிர்ச்சியாகவே வந்து மோதும். நகரத்தில் ஒரு நாள் ஓட்டினால் இப்படி எத்தனை நூறு தடவை நிகழும் என்பதை நேயர்களே எண்ணிக்கொள்ளலாம். அலுமினியச் சட்டம் நீளமான நெம்புகோலாக இருந்து இந்த முறுக்கில் பெரும்பங்கைச் சமாளிக்கிறது. மிஞ்சியதைப் புஷ்கள் ஏற்கின்றன. அத்தோடு ஒலியையும் நடுக்கத்தையும் அவையே வாங்கிக்கொள்கின்றன.

ரப்பர் வேலையால் மட்டும் தேய்வதில்லை, வயதாலும் தேய்கிறது. காற்றிலுள்ள ஓசோன் அதன் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. வெப்பம் அதை இறுகச் செய்கிறது. டிபரன்ஷியலிலிருந்து கசியும் எண்ணெய் அதை ஊறவைத்துத் தளர்த்துகிறது. சுமையின் கீழ் வருடக்கணக்கில் நசுங்கியே இருப்பதால் பழைய உருவத்துக்குத் திரும்பும் சக்தியை அது இழக்கிறது. ஆகவே ஓட்டாமல் கொட்டகையில் நிறுத்திவைத்த வண்டியிலும் முப்பது ஆண்டு வயதான ரப்பர் கெட்டுத்தான் இருக்கும். ஒரு நாள் அது உலோகத்தை விட்டு உரிந்துவிடுகிறது. அப்போதுதான் கியர் மாற்றும்போது முதுகுக்குப் பின்னால் ‘டக்’ என்ற ஒலி எழுகிறது. காலை அழுத்தினால் ஒரு ‘டக்’, எடுத்தால் ஒரு ‘டக்’.

ஆனால் ‘டக்’ என்ற ஒலி கேட்டவுடனே புஷ்ஷைக் குற்றம் சொல்லிவிடலாகாது. அதே ஒலியைத் தரக்கூடியவை வேறும் பல உண்டு. இன்ஜினிலிருந்து பின்னோக்கிச் செல்லும் சுழல் தண்டின் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். சக்கரங்களுக்குச் செல்லும் பக்கத் தண்டுகளில் ஆட்டம் இருக்கலாம். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருக்கலாம். அலுமினியச் சட்டத்தின் திருகாணிகள் தளர்ந்திருக்கலாம். டிபரன்ஷியலின் உள்ளே பற்களுக்கிடையில் இடைவெளி மிகுந்திருக்கலாம். புஷ்ஷை மாற்ற ஒரு முழு நாள் உழைப்பு தேவை. அவ்வளவு உழைத்து, மாற்றி, மறுபடி ஓட்டிப் பார்த்து, அதே ஒலியைக் கேட்பதைவிட மனம் சோர்வது வேறொன்றில்லை.

ஆகவே சோதனை முறையாக நடக்க வேண்டும். வண்டியைச் சமதரையில் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, கீழே விளக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும். ரப்பரில் பிளவு உண்டா, உலோகத்தை விட்டு உரிந்திருக்கிறதா, எண்ணெய் படிந்து பிசுபிசுக்கிறதா, நடுக்குழல் ஒருபுறமாகச் சாய்ந்திருக்கிறதா என்று கவனிக்கலாம். பிறகு பெட்டிக்கும் துணைச் சட்டத்துக்கும் நடுவே நீளமான ஒரு கம்பியைக் கொடுத்து மெதுவாக நெம்பினால், நல்ல புஷ் சிறிதே அசைந்து, விட்டவுடன் திரும்பிவரும். கெட்ட புஷ் தாராளமாக ஆடி, உலோகத்தில் உலோகம் தட்டும். அடுத்தபடியாகச் சுழல் தண்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்பி, ஜாயிண்டில் ஆட்டம் உண்டா என்று பார்க்க வேண்டும். தொழிற்கூடத்துக்குச் செல்பவர் இந்த இரண்டு சோதனைகளையும் தம் கண்முன் செய்து காட்டும்படி கேட்கலாம். அதற்குப் பெரிய மொழிப் புலமை தேவையில்லை.

புஷ்தான் கெட்டது என்று உறுதியானால் அடுத்த கேள்வி: எதைப் போடுவது? மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, பழையது போன்றே புதிய ரப்பர். இரண்டாவது, பாலியூரித்தேன் என்னும் கடினமான செயற்கைப் பொருள். இது ஜெர்மானிய ரசாயன அறிஞர் ஓட்டோ பேயரும் அவருடைய துணைவர்களும் 1937-இல் கண்டது. மூன்றாவது, ரப்பரே இல்லாத திட அலுமினியம். கடினத்தை அளக்க ‘ஷோர் ஏ’ என்று ஓர் அளவை உண்டு. அதில் வண்டிகளில் வழக்கமாக இடும் ரப்பர் பொதுவாக 50-லிருந்து 65 வரை. பாலியூரித்தேன் புஷ்கள் 70-லிருந்து 95 வரை. அலுமினியத்துக்கு அந்த அளவையில் இடமே இல்லை.

கடினமானதைப் போட்டால் என்ன நன்மை? டிபரன்ஷியல் அசைவது குறையும். காலை அழுத்தியவுடன் வண்டி பாயும். இடையில் ஒரு தளர்ச்சி, ஒரு தாமதம் இராது. கியர் மாற்றம் சுத்தமாக விழும். பந்தயக் களத்தில் இது பெரிய விஷயம். எண்ணெயும் ஓசோனும் பாலியூரித்தேனை ரப்பரைப் போல விரைவில் அரிப்பதில்லை. அன்றியும், அது இரண்டு பாதிகளாக வருவதால் கையாலும் சிறு கருவியாலுமே பொருத்திவிடலாம். பெரிய பிரஸ் தேவைப்படாது. இவ்வளவும் உண்மை. ‘தேய்ந்ததை மாற்றும்போதே மேலானதைப் போட்டுவிடுவோம்’ என்று வண்டிக்காரர்கள் விரும்புவதில் வியப்பில்லை.

ஆனால் மேலானது என்ற சொல்லைச் சற்று நிறுத்தி விசாரிக்க வேண்டும். எந்தக் காரியத்துக்கு மேலானது?

டிபரன்ஷியலின் பெரிய வளையப் பற்சக்கரத்தில் 43 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது பின்சக்கரம் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 15 அல்லது 16 சுற்றுச் சுற்றும். அப்படியானால் பல்லோடு பல் கூடுவது விநாடிக்கு 670 தடவை போல நிகழும். மனிதச் செவிக்கு மிகத் தெளிவாகக் கேட்கும் சுருதி அது. மென்மையான ரப்பர் இந்த வேகமான நடுக்கத்தைத் தன்னுள்ளேயே அடக்கிக்கொள்கிறது. கடினமான புஷ் அதை அப்படியே வண்டியின் தகட்டுக்கு அனுப்பிவைக்கிறது. வண்டியின் தரைத்தகடு அப்போது தம்பூராவின் குடம் போல ஆகிவிடுகிறது. பந்தயத்தில் ஒரு மணி நேரம் அந்த ரீங்காரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று நூறு கிலோமீட்டர் பயணத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மனைவியோடு பேச முடியாமற்போவது வேறு விஷயம்.

ரப்பருக்கு இன்னொரு நுட்பமும் உண்டு. புஷ் செய்பவர்கள் ரப்பரின் நடுவே வேண்டுமென்றே சில வெற்றிடங்களை விட்டு வார்க்கிறார்கள். அதனால் ஒரு திசையில் மென்மையாகவும், மற்றொரு திசையில் விறைப்பாகவும் அது நடந்துகொள்ளும். சிறு நடுக்கத்துக்கு இளகும். பெரிய விசை வந்தால் வெற்றிடம் மூடிக்கொண்டு இறுகி நிற்கும். பெரும்பாலான பாலியூரித்தேன் உருளைகளில் இந்தப் பாகுபாடு கிடையாது. புதிய ரப்பர்ப் புஷ்ஷைப் பொருத்தும்போது அவ்வெற்றிடங்கள் எந்தத் திசையை நோக்க வேண்டும் என்பதைக் கையேட்டில் பார்த்தே பொருத்த வேண்டும். திசை மாறினால் நல்ல பொருளும் தவறாக வேலை செய்யும்.

ஒலியைவிடக் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அதிர்ச்சி என்பது அழிந்துபோவதில்லை. எங்கேனும் போய்ச் சேரத்தான் வேண்டும். ரப்பர் அதை வாங்கிக்கொள்ள மறுத்தால், ரப்பரைத் தாங்கும் கை வாங்கும். கையும் தாங்கினால் சட்டம் வாங்கும். சட்டமும் தாங்கினால் தகட்டில் இட்ட பற்றுவைப்பு வாங்கும். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் இசட்-3 என்ற இருவர் காரை வைத்திருப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். 1995-க்கும் 2002-க்கும் இடையே அமெரிக்காவில் செய்யப்பட்ட கார் அது. அதில் டிபரன்ஷியலின் பின்பக்கத்தை ஒரே ஒரு காதுதான் பின்தரைத் தகட்டோடு பிணைக்கிறது. வயதான சில வண்டிகளில், குறிப்பாக முரட்டுத்தனமாக ஓட்டப்பட்டவற்றில், அந்த இடத்துத் தகட்டின் பற்றுவைப்புகள் விட்டுப்போய் உலோகமே கிழிந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய, தகட்டை அறுத்து, கனத்த உலோகத் துண்டுகளை வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். புஷ்ஷின் விலை எங்கே, அந்தச் செலவு எங்கே! தகட்டில் பலவீனம் இருக்கும் வண்டியில் புஷ்ஷை மட்டும் கடினமாக்குவது, வீட்டின் சுவர் விரிசல் விட்டிருக்கும்போது கதவுக்குக் கனத்த பூட்டுப் போடுவது போன்றது.

ஆகவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அன்றாடம் சாலையில் ஓட்டும் வண்டிக்குப் புதிய ரப்பரே தக்கது. தேய்ந்த ரப்பரோடு ஒப்பிட்டால் புதிய ரப்பரே பெரிய முன்னேற்றமாகத் தெரியும். கடினப் பொருளால் வந்த நன்மை என்று பலர் புகழ்வதில் பாதிக்கு மேல், புதுமையால் வந்த நன்மையே. சிறிது விறைப்பு வேண்டும் என்பவர் பாலியூரித்தேனில் மென்மையான வகையைத் தேர்ந்தெடுக்கலாம். பந்தயத்துக்கென்றே ஒதுக்கிய வண்டிக்கு மட்டும் மிகக் கடினமானதும் அலுமினியமும். எதைப் போட்டாலும் இடமும் வலமும் ஒரே வகையாக, ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும். எம்.எக்ஸ்-5 போன்ற வண்டியில் இன்ஜின் முதல் டிபரன்ஷியல் வரை ஒரே முதுகெலும்பு என்று சொன்னேன். அதன் பின்முனையைப் புதுப்பித்துவிட்டு, முன்முனையில் இன்ஜினைத் தாங்கும் ரப்பரைக் கிழிந்தபடியே விட்டுவைப்பதில் பயனில்லை.

இனி, வேலை செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். இதில் உயிர் சம்பந்தமான இரண்டு எச்சரிக்கைகள் இருக்கின்றன.

ஒன்று: ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுத்து உயிர் இழந்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. வண்டி ஸ்டாண்டுகளில் அமர்ந்த பிறகு, பலமாக அசைத்துப் பார்த்து, அது நிலையாக இருக்கிறது என்று அறிந்த பின்னரே உள்ளே செல்ல வேண்டும். டிபரன்ஷியல் பெட்டியும் பஞ்சு மூட்டை அன்று. தனி ஆளாக மார்பின் மேல் இறக்கக்கூடிய எடை அல்ல அது. எண்ணெயை வடித்துவிட்டு, சுழல் தண்டையும் பக்கத் தண்டுகளையும் கழற்றி, வேறொரு ஜாக்கியால் பெட்டியைத் தாங்கிக்கொண்டு, ஒருவர் துணையோடு மெல்ல இறக்க வேண்டும்.

இரண்டு: பழைய ரப்பரை எடுக்க நெருப்பு வைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். எரியும் ரப்பரின் புகை நுரையீரலுக்குக் கேடு. முன்பே யாரேனும் பாலியூரித்தேன் பொருத்தியிருந்தால், அது எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நச்சு வாயு வெளிவரக்கூடும். ரப்பரைத் துரப்பணத்தால் துளையிட்டு நடுக்குழலை வெளியே எடுத்து, பிறகு வெளி வளையத்தை ரம்பத்தால் அறுத்து உருவலாம். அல்லது பிரஸ் உள்ள தொழிற்கூடத்தில் கொடுத்து அழுத்தி எடுக்கலாம். அறுக்கும்போது பெட்டியின் கையில் வெட்டு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே விழும் ஒரு சிறு கீறல் பிற்காலத்தில் விரிசலாக வளரலாம்.

திரும்பப் பொருத்தும்போது, பாலியூரித்தேன் என்றால் அதற்குரிய கிரீஸைத் தாராளமாகத் தடவ வேண்டும். இல்லையேல் பழைய கதவு போலக் கிறீச்சிடும். அலுமினியச் சட்டத்தைக் கையேட்டில் கண்ட உயரத்தில் அளந்து நிறுத்திய பிறகே முழுவதும் இறுக்க வேண்டும். அளக்காமல் இறுக்கினால் சுழல் தண்டின் கோணம் மாறி, முன்பு இல்லாத புதிய நடுக்கம் ஒன்று தோன்றும். கடைசியில், வடித்த எண்ணெய்க்குப் பதில் கையேடு சொல்லும் தரத்தில் புதிய எண்ணெயை ஊற்ற வேண்டும். இதைச் சொல்லவும் வேண்டுமா என்று நினைக்கலாம். நாள் முழுவதும் உழைத்துக் களைத்தவன் மாலையில் மறப்பது இத்தகைய ஒன்றைத்தான்.

ரப்பரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, அது வந்த வழியைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. கோடையில் உருகி, குளிரில் உடைந்த மரப்பாலைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் நிலையான பொருளாகும் என்பதை அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார். பின்னர் சைக்கிளும் மோட்டாரும் பெருகவே, உலகின் ரப்பர்த் தேவை மலாயாவின் காடுகளைத் தோட்டங்களாக்கியது. அந்தத் தோட்டங்களில் விடியற்காலையில் மரம் சீவிப் பால் எடுத்தவர்களில் மிகப் பலர் நம் தமிழ் மக்கள். உலகத்து மோட்டார் வண்டிகள் குலுங்காமல் ஓடியதில் அவர்கள் உழைப்புக்கும் பங்கு உண்டு. அவர்களில் பெரும்பாலோர் அத்தகைய வண்டியில் ஒரு நாளும் ஏறியதில்லை. பிற்காலத்தில் பலவகைச் செயற்கை ரப்பர்கள் வந்தன. ஆயினும் வளைந்து வளைந்து களைத்துப்போகாத குணத்தில் இயற்கை ரப்பருக்கு இன்றும் மதிப்பு உண்டு. இயந்திரங்களைத் தாங்கும் உறுப்புகளில் இன்றும் அது பயன்படுகிறது.

இந்தத் தத்துவம் மோட்டார் வண்டியோடு நிற்கவில்லை. 2001 ஜனவரி 26-ஆம் நாள் குஜராத்தில் நிலம் நடுங்கியபோது பூஜ் நகரின் மருத்துவமனை இடிந்து விழுந்தது. அதற்குப் பதிலாகக் கட்டிய புதிய மருத்துவமனைக்கு அடியில், ரப்பரும் ஈயமும் எஃகுத் தகடுகளும் அடுக்கிய தாங்கிகளை வைத்தார்கள். பூமி அசைந்தாலும் கட்டடம் அதே வேகத்தில் அசையாதிருக்க வேண்டும் என்பது நோக்கம். காரின் புஷ் எந்த வேலையைச் செய்கிறதோ, அதே வேலையைத்தான் அந்தத் தாங்கியும் செய்கிறது.

இரண்டு கடினமான பொருள்கள் ஒன்றையொன்று உடைக்காமல் சேர்ந்து வேலை செய்ய வேண்டுமானால், நடுவே இணங்கிப்போகும் ஒன்று தேவை. இரு மொழிகளுக்கு இடையே இருபது ஆண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அது புதிய செய்தி அன்று. ஆனால் இணங்கிப்போவதற்கும் தளர்ந்துபோவதற்கும் வேற்றுமை உண்டு. நல்ல புஷ் விசைக்கு வளைகிறது. விசை நீங்கியதும் தன் இடத்துக்கு வந்துவிடுகிறது. அப்படித் திரும்பிவராத நாளில்தான் அதை மாற்ற வேண்டும். பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்கள், இந்த வாரம் ஓய்வு கிடைக்கும் நாளில், வண்டி எவ்வகையானாலும், அதைப் பாதுகாப்பாகத் தூக்கச் சொல்லி, இன்ஜினையும் அச்சையும் வில்லையும் தாங்கும் ரப்பர்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒரு முறை விளக்குப் பிடித்துப் பாருங்கள். கிழிந்ததை முன்பே கண்டுகொண்டால் செலவு ரப்பரோடு போகும்.